இரண்டாவது வெள்ளைப் புள்ளி

விசுவமடுவைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் அது தொடங்கியது. தர்மபுரத்தில் காலை ஆறேகாலுக்கு நான் ஏறும் பேருந்து. புதுக்குடியிருப்புக்கு அப்பால் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்கள், பிள்ளைகள், சந்தைக்குப் போகும் மரக்கறி மூட்டைகள் எல்லாம் அதற்குள்தான். அன்றைக்கு எனக்கு யன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பருத்த மனிதர், அவருடைய மடியில் ஒரு பலாப்பழம். இடது விலாவுக்குக் கீழே ஒரு நோ எழும்பி, அடிவயிற்றால் இறங்கி, தொடை இடுக்கு வரைக்கும் போய் நின்றது. மூச்சை விட்டேன். திரும்பவும் மேலே இருந்து தொடங்கியது.

எனக்கு இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. நான் எழும்புவதென்றால் அந்த மனிதர் எழும்ப வேண்டும். அவர் எழும்புவதென்றால் பலாப்பழத்தை யாராவது கையில் வாங்க வேண்டும். நடுவில் நின்றவர்களுக்கோ கையைத் தூக்கவே இடமில்லை. இதற்குள் சலம் வேறு முட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் போய்விட்டுத்தான் வெளிக்கிட்டேன், எழும்பியதிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆனாலும் முட்டியது. இறங்கலாம்தான். இறங்கி எங்கே போவது? உடையார்கட்டில் அரைவாசி வீடுகளில் என்னிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு ரீச்சர் வயிற்றைப் பொத்திக்கொண்டு போய்ப் படலையைத் தட்டி, கக்கூஸ் எங்கே என்று கேட்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் குணம் அப்படி. செத்தாலும் சாவேன், கேட்கமாட்டேன்.

ஆசிரியர் அறையில் போய்க் கதிரையில் விழுந்தபோது பக்கத்து மேசை ரீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ரீச்சர், முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. பீஸ் குத்துது."

அவர் தலையாட்டிவிட்டு இரண்டு பனடோலை எடுத்து நீட்டினார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பதில் போதும்.

பீஸ் என்றால் வெடித்த செல்லின் துண்டு, குண்டுச் சிதறல். யுத்தத்துக்குள் இருந்து உயிரோடு வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு உடம்பில் எங்காவது ஒன்று கிடக்கும். என் கணவருக்கு வலது காலில் ஐந்து. கல்யாணப் பேச்சுக் காலத்திலேயே அதைக் கணக்குக் காட்டிவிட்டார், நானும் என்னுடையதைச் சொன்னேன், இருவருக்கும் சரி என்று பட்டது. முழங்கால் நொந்தால் பீஸ், மார்கழிக் குளிரில் முதுகு பிடித்தால் பீஸ், வெள்ளிக்கிழமை தலையிடித்தாலும் பீஸ். அது ஒரு இடத்தில் கிடக்காது, உடம்புக்குள் ஊர்ந்து திரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான்.

என்னுடையது யுத்தத்தின் கடைசி நாள்களில் ஏறியது. கடற்கரைப் பக்கம், பங்கர் வாசலில் அக்காவும் நானும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தோம். அக்கா குனிந்து அடுப்பை ஊதினாள். நான் தண்ணீர்க் கானை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டாள். எனக்கு இடது பிட்டத்தில் ஒரு ஓட்டை. பிறகு முகாமில் ஒரு டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். பயறளவுதான். "எடுக்கத் தேவையில்லை. இருந்திட்டுப் போகட்டும்" என்றார்.

எடுப்பதற்கு எனக்கும் விருப்பமில்லை. அக்காவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எங்கே புதைத்தோம் என்று இன்றைக்குப் போய்க் காட்டவும் முடியாது. அதே செல்லின் ஒரு துண்டு என்னோடு இருந்தது. அந்த இடம் நோகும்போது நான் முணுமுணுக்கமாட்டேன். நோகட்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, கணவருக்கும்தான்.

நான்கு வருடங்களுக்கு முன்னர் இடது இடுப்பும் முதுகும் சேர்ந்து பிடித்தன. கணவர் விடாப்பிடியாக நின்றதால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் படத்தை என் பக்கம் திருப்பினார்.

"இதில ரெண்டு வெள்ளையாத் தெரியுது. என்னது?"

"அது செல் பீஸ், டொக்டர்."

"ரெண்டுமோ? முந்தி எத்தினை எண்டு சொன்னவை?"

"ஒண்டெண்டுதான் சொன்னவை. அந்த அவசரத்தில மற்றதைக் கவனிச்சிருக்க மாட்டினம். இல்லாட்டி மேல எங்கயும் கிடந்தது இப்ப இறங்கி வந்திருக்கும். பீஸ் ஊருமெல்லோ."

வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன். அவர் படத்தை இன்னொருமுறை பார்த்தார்.

"எதுக்கும் ஒருக்கா ஸ்கான் செய்து பாப்பமோ?"

"தேவையில்லை டொக்டர். என்ர உடம்பு எனக்குத் தெரியாதே?"

வெளியே வாங்குகளில் நிறைய ஆட்கள் இருந்து காத்திருந்தார்கள். என் குரலுக்கு எட்டாம் வகுப்புப் பெடியள் முப்பத்தைந்து பேர் வாயை மூடுவார்கள். ஒரு டொக்டர் மூடியதில் புதினமில்லை. இடுப்பில் செல் துண்டுகள் இரண்டு என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். அதற்குப் பிறகு எந்த டொக்டரிடம் போனாலும் அவர் முதலில் அந்த வரியைத்தான் வாசிப்பார், வாசித்துவிட்டு மருந்து எழுதுவார். அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

நோ வந்து வந்து போனது. வரும் நாள்களில் பாடவேளை முடிந்ததும் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருடத்துக்கு முன்னர் அது தானாக நின்றுவிட்டது. பீஸ் ஒருவழியாகப் படுத்துவிட்டது என்று கணவருக்குச் சொன்னேன். அவர் தன் காலைத் தடவிக்கொண்டு, "உன்ர பீஸுக்கு இருக்கிற புத்தி என்ர பீஸுக்கு இல்லை" என்றார்.

பேருந்தில் நொந்த அன்று பின்னேரம் குளிரெடுத்து நடுங்கத் தொடங்கினேன். இரண்டு போர்வை போர்த்தும் பல் கிட்டியது. கணவர் என்னை மோட்டார் சைக்கிளில் தன்னோடு சேர்த்து ஒரு துவாயால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காய்ச்சலுக்கு மருந்து ஏற்றினார்கள். மறுநாள் ஸ்கான் அறையில் வயிற்றில் களியைப் பூசித் தேய்த்துப் பார்த்த டொக்டர், வலது பக்கம் பார்க்கும்வரைக்கும் கதைத்துக்கொண்டிருந்தார், இடது பக்கம் வந்ததும் கதையை நிறுத்தினார். வெளியே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். இருவரும் என் வயிற்றுக்கு மேலால் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். என்னை மறித்துவைத்துத் தீர்ப்பு எழுதுவது போல இருந்தது.

சிடி ஸ்கானும் எடுத்த பிறகு சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிலடிக்கு வந்தார். அலுமாரிக்குள் கிடந்த பழைய எக்ஸ்ரே படங்களையும் கணவர் கொண்டுவந்திருந்தார். நிபுணர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குரலை உயர்த்தாத மனிதர்.

"பீஸ் ஒண்டுதான் ரீச்சர். அது பின் சதைக்குள்ள, எலும்புக்கு வெளிய கிடக்கு. மற்றது கல்லு. கிட்னியில இருந்து சலப்பைக்கு வாற குழாயின்ர அடியில, சலப்பைக்குக் கிட்ட வந்து இறுகிப்போய் நிக்குது."

"எப்ப வந்தது, டொக்டர்?"

"நாலு வருசத்துக்கு முந்தின படத்திலயும் அதே இடத்தில நிக்குது."

கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மேலே இருந்து இறங்கி வந்திருக்கும் என்று நான்தான் அந்த டொக்டருக்குச் சொன்னேன். இறங்கித்தான் வந்திருக்கிறது.

"நீங்கள் தண்ணி குடிக்கிறேல்லையோ?" என்று கேட்டார். எங்கள் பாடசாலையில் பெண் ஆசிரியர்களுக்கு ஒரு கக்கூஸ், அது மைதானத்துக்கு அங்காலே, குழாயில் தண்ணீர் வந்தால் உண்டு. போகவர ஒன்றரை மணித்தியாலம் பேருந்து. நாங்கள் யாரும் பின்னேரம் வீடு போய்ச் சேரும்வரைக்கும் தண்ணீர் குடிப்பதில்லை. கொண்டுபோகும் போத்தலை நிறைவாகவே திருப்பிக் கொண்டுவருவோம். அதில் ஒரு பெருமையும் எங்களுக்கு இருந்தது.

"கல்லை எடுக்கலாம்" என்றார் நிபுணர். "இவ்வளவு காலமும் சலம் இறங்க வழியில்லாம கிட்னி வீங்கிப்போச்சு. அது மிஞ்சுமோ எண்டுதான் இப்ப சொல்ல ஏலாது."

கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

காய்ச்சல் அடங்கும்வரை ஐந்து நாள் வார்ட்டில் கிடந்தேன். பிறகு ஒரு காலை தாலிக்கொடியைக் கழற்றிக் கணவரின் கையில் கொடுத்துவிட்டுப் பச்சைச் சட்டையோடு தியேட்டருக்குப் போனேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணினார்கள். அறிவு இருந்தது, கால்கள் இல்லை. அவற்றைத் தூக்கி இரண்டு தாங்கிகளில் வைத்துப் பட்டியால் கட்டியது மட்டும் தெரிந்தது. ஒரு பிள்ளையும் பெறாத எனக்கு அந்தக் கோலம் அதுதான் முதல் தடவை. வெட்கத்தில் கண்ணை மூடினேன். "ஒண்டும் இல்லையம்மா, வெட்டுக்காயம் கூட இல்லை, சலம் போற வழியாலதான் கமராவை விடுகினம்" என்று தலைமாட்டில் நின்ற தாதி மிஸ் சொன்னார். வெட்டியிருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் ஒரு திரை. சலப்பையின் உட்புறம் மங்கலான சிவப்பாகத் தெரிந்தது. அதில் ஒரு சின்ன வாய், அதுதான் குழாயின் வாயாம். கமரா அதற்குள் போக முயன்றது, முட்டியது, பின்வாங்கியது, திரும்ப முட்டியது. எத்தனை தரம் என்று தெரியாது. எழும்பி ஓட வேண்டும் போல இருந்தது, ஓடுவதற்குக் கால் இல்லை. மூச்சு வாங்கியது. மிஸ் என் தோளை அமத்திப் பிடித்தார்.

"பாதை ஒடுங்கிப்போய்க் கிடக்கு ரீச்சர்" என்றது திரைக்கு அங்காலிருந்து குரல். "இண்டைக்குப் பலவந்தம் பண்ணக்கூடாது. கல்லுக்குப் பக்கத்தால ஒரு மெல்லிய குழாயை மேல விட்டு வைக்கிறன். சலமும் இறங்கும், பாதையும் விரியும். மூண்டு கிழமை கழிச்சு வாங்கோ."

கல்லோடு வீட்டுக்குத் திரும்பினேன். கல்லோடும் குழாயோடும்.

அந்த மூன்று கிழமையை நான் யாருக்கும் விரும்பமாட்டேன். உள்ளே இருந்த குழாயின் ஒரு சுருள் கிட்னியில், மற்றச் சுருள் சலப்பையில். ஒவ்வொருமுறை சலம் கழிக்கும்போதும் நோ ஏறி முதுகைப் பிடிக்கும். கழித்துவிட்டு வந்து இருந்தால் திரும்பவும் வரும் போல இருக்கும். கட்டிலுக்கும் கக்கூஸுக்கும் இடையில் பதினெட்டு அடி. மூன்று கிழமையும் அதற்குள்தான் திரிந்தேன். கணவர் லாண்ட்மாஸ்டர் உழவுக்குப் போவதை விட்டுவிட்டுப் பார்லி அவித்து அவித்துத் தந்தார். குடி, குடி, குடி. ஒரு நாள் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவர் சுவரைத் துடைத்துவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம், கையில் அகப்பட்டவர் அவர்.

பார்க்க வந்த சனமும் விடவில்லை. "பீஸைச் சுத்தித்தான் கல்லுப் பிடிச்சிருக்கும்" என்றார் ஒருவர். "அந்த மருந்துக் குண்டுகளின்ர நஞ்சு" என்றார் இன்னொருவர். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டாம் முறை கமரா உள்ளே போனது. நான் கண்ணை மூடவில்லை. சிவப்புச் சுரங்கம் ஒன்றுக்குள் கொஞ்சத் தூரம், அதன் முடிவில் வழியை அடைத்துக்கொண்டு அது நின்றது. பனங்கட்டி நிறம், ஒரு பக்கம் முள்ளு முள்ளாக. சுற்றிவர வீங்கிய சதை அதை மூடி வளர்ந்திருந்தது. லேசர் நூல் கிட்டப் போய்த் தொட்டதும் டிக், டிக் என்று சத்தம். பொடி பறந்தது. கல் இரண்டாகப் பிளந்தது, பிறகு நான்காக. நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு இரும்புத் துகளாவது இருக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன், வேண்டினேன் என்றும் சொல்லலாம். உடைந்த துண்டுகளை ஒரு சின்னக் கம்பிக் கூடையால் பிடித்துப் பிடித்து வெளியே எடுத்தார்கள். கடைசித் துண்டு வரைக்கும் அது வெறும் கல்தான். பின்னால் தேங்கி நின்ற சலம் கலங்கலாக இறங்கி வந்தது.

பிறகு குழாயையும் எடுத்தார்கள். நோ போய்விட்டது. பாடசாலைக்கும் திரும்பிவிட்டேன். ஆனால் கிட்னி பிழைத்ததா என்று அறிய மூன்று மாதம் பொறுக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனை எங்கள் பக்கத்தில் இல்லை. தூரத்து நகரத்துக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தோம். அறிக்கையை வைத்து ஒட்டிய உறையை நான் திறக்கவில்லை. கணவர் திறக்கப் பார்த்தபோது கையைத் தட்டிவிட்டேன்.

கிளினிக் நாளில் நிபுணரின் அறைக்குள் தனியாகப் போனேன். அவர் அறிக்கையை இரண்டுமுறை வாசித்தார்.

"வலது பக்கம் நல்லா வேலை செய்யுது. அது காணும் நீங்கள் சீவிக்க. இடது பக்கம்..." அறிக்கையை மூடினார். "இல்லையெண்டே வைச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர். வீக்கம் வத்தினதோட சுருங்கிப்போச்சு. போன வருசம் நோ தானா நிண்டதெண்டு சொன்னீங்களெல்லோ, அப்பவே அது களைச்சிட்டுது."

தலையாட்டினேன்.

"நொந்த காலத்தில ஏன் ஸ்கான் பாக்க வரேல்ல?"

"பீஸ் எண்டு நினைச்சன்."

"பீஸ் எண்டாலும் நொந்தா வரலாம்தானே?"

பாடம் தெரியாமல் எழும்பி நிற்கும் பிள்ளைகளை எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். இப்போது நான் நின்றேன். என்ன சொல்வதென்று யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

"அது நோகத்தான் வேணும் எண்டு நினைச்சன், டொக்டர்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. இந்த மண்ணில் வேலை செய்கிறவர், கேட்கக்கூடாத இடம் தெரியும் போல. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பீஸ் உங்களை ஒரு நாளும் நோகப்பண்ணியிருக்காது ரீச்சர். அது சதைக்குள்ள சும்மா கிடக்குது. இந்த நாலு வருசமும் நொந்தது கல்லுத்தான்."

அக்கா என்று நான் பொறுத்துக்கொண்டதெல்லாம் சலத்தில் ஊறிய உப்பு. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள்கள், நோகட்டும் என்று விட்ட இரவுகள், ஒன்றிலும் அவள் இருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கிட்னிக்காக என்று நினைத்து, ஒன்றோடும் நீண்ட காலம் சீவிக்கலாம் என்று அவர் ஆறுதல் சொன்னார். ஓம் டொக்டர், ஓம் டொக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கணவர் வாங்கிலிருந்து எழும்பினார்.

"என்னவாம்?"

"இடது பக்கக் கிட்னி போட்டுதாம்."

அவர் திரும்ப வாங்கில் இருந்துவிட்டார். பிறகு, "நாசமாப்போன பீஸ்" என்றார்.

"இல்லையப்பா. பீஸ் ஒண்டும் செய்யேல்ல. நான்தான்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, அந்தச் செல்லை அடித்தவர்களைத் திட்டத் தொடங்கினார். பரந்தன் சந்தி திரும்பியும் நிறுத்தவில்லை, முரசுமோட்டை தாண்டியும் நிறுத்தவில்லை. அவருக்கு வாய் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த எனக்குத் திட்டுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை.